காரைக்குடிப் பக்கச் சாலையில் அடாஸ்: எதை நம்பலாம், எங்கே நம்பக் கூடாது?

ஊருணிக்கரை எழுதியது:

திருச்சி, புதுக்கோட்டை, திருமயம் வழியாகக் காரைக்குடி வரவும், அங்கிருந்து பள்ளத்தூர், கானாடுகாத்தான், தேவகோட்டை என்று சுற்றவும் ஒரு வண்டி வாங்கியாகிவிட்டது. ஆறு ஏர்பேக், ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகாமல் காப்பது), இ.எஸ்.சி. (வண்டி சுழன்றுபோகாமல் காப்பது), முன்னால் கேமரா, ரேடார், தானாகப் பிடிக்கும் பிரேக், கோடு தாண்டினால் ஸ்டியரிங்கை இழுக்கும் வசதி எல்லாம் உண்டு. கேமராவும் ரேடாரும் வைத்து ஓட்டுநருக்குத் துணை செய்யும் இந்த வசதிகளைத்தான் அடாஸ் என்கிறார்கள். வீட்டில் இரண்டு கட்சி. "கை பழகினவனுக்கு இதெல்லாம் எதுக்கு" என்பது பெரியவர்கள் பேச்சு. "நாம அசந்தாலும் வண்டி பாத்துக்கும்" என்பது இளவட்டத்தின் பேச்சு. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், நம் பக்கத்துச் சாலையில் இவற்றில் எது வேலை செய்யும், எது செய்யாது?

ஸ்பேனர்_17 எழுதியது:

முதலில் இவற்றை இரண்டாகப் பிரியுங்கள். ஏ.பி.எஸ்., இ.எஸ்.சி. இரண்டும் சக்கரம் சுற்றுவதையும் வண்டி திரும்புவதையும் வைத்து வேலை செய்பவை. எதிரே ஆடு நிற்கிறதா லாரி நிற்கிறதா என்று அவற்றுக்குத் தெரிய வேண்டியதே இல்லை. அதனால் சென்னையில் எப்படியோ, கண்டனூரிலும் அப்படித்தான். கேமரா, ரேடார் விஷயம் வேறு. சாலையைப் பார்த்து, என்னவென்று புரிந்துகொண்டால்தான் அவை வேலை செய்யும். நம்பிக்கையை அளந்து கொடுக்க வேண்டியது இந்த இரண்டாம் வகைக்கு.

ஏ.பி.எஸ்.ஸில் கோளாறு பெரும்பாலும் கருவியில் இல்லை, காலில்தான். ஜெர்மனியின் பாஷ் கம்பெனி செய்த ஏ.பி.எஸ். 1978இல் பென்ஸ் காரில் வந்துவிட்டது. நம் நாட்டில் எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயமானது 2019 ஏப்ரலில்தான். அதற்கு முன் ஓட்டப் பழகியவர்களுக்கு "விட்டு விட்டு மிதி" என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். ஏ.பி.எஸ். வண்டியில் அப்படிச் செய்தால் நிற்கும் தூரம் கூடும். அழுத்தி மிதித்ததும் பெடல் பாதத்தில் தடதடவென்று உதைக்கும், உள்ளே மோட்டார் உறுமும். ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிடுகிறார்கள். எடுக்கக் கூடாது. வண்டி நிற்கும்வரை கால் அங்கேயே இருக்க வேண்டும்.

கொப்புடையாள்_துணை எழுதியது:

அண்ணே, ஏ.பி.எஸ். இருந்தால் சீக்கிரம் நிற்கும்தானே? ஷோரூமில் அப்படித்தான் சொன்னார்கள்.

ஸ்பேனர்_17 எழுதியது:

எல்லா இடத்திலும் இல்லை அக்கா. ஏ.பி.எஸ். செய்யும் முதல் வேலை, சக்கரம் இறுகிப்போகாமல் காத்து, பிரேக் பிடித்தபடியே ஸ்டியரிங் திரும்ப வைப்பது. நனைந்த தார்ச் சாலையில் தூரமும் குறையும். ஆனால் உதிர்ந்த சரளையிலும் மண்ணிலும் கூடும். இறுகிய சக்கரம் தனக்கு முன்னால் மண்ணைக் குவித்து அதிலேயே முட்டி நிற்கும். ஏ.பி.எஸ். சக்கரத்தைச் சுற்ற விடுவதால் அந்தக் குவியல் சேராது.

நம் பக்கத்தில் இன்னொன்று உண்டு. அறுவடை முடிந்ததும் எள்ளுச் செடி, உளுந்து, வைக்கோல் எல்லாம் தார்ச் சாலையில்தான் காயும். அதன் மேல் பிரேக் பிடித்தால் டயருக்கும் தாருக்கும் நடுவில் காய்ந்த தண்டு உருளும். பெடல் தடதடக்கும், வண்டி போய்க்கொண்டே இருக்கும். வேகத்தை அந்தப் பரப்புக்கு முன்னாலேயே குறைத்து, அதன் மேல் பிரேக் தொடாமல் கடக்க வேண்டும். அங்கே வண்டியை நிறுத்தவும் வேண்டாம். அடியில் சைலன்சர் பக்கம் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கொதிக்கும் சூட்டில் இருக்கும், வைக்கோல் பற்றிக்கொள்ளும்.

எல்போர்டு_மாஸ்டர் எழுதியது:

ஏ.பி.எஸ். உதைப்பை ஒவ்வொருவரும் ஒருமுறையாவது காலால் உணர்ந்து பார்த்திருக்க வேண்டும். ஆளில்லாத நேரான சாலை, விடிந்ததும் விடியாததுமான நேரம். பின்னால் வண்டி இல்லை என்று கண்ணாடியில் பார்த்துக்கொள்ளுங்கள். பின் சீட்டில் ஆளோ சாமானோ வேண்டாம். 40 கி.மீ. வேகத்துக்குப் போய், பெடலை உதைப்பதுபோல ஒரே மிதி. கிளட்ச் உள்ள வண்டியில் இரண்டு காலும் சேர்ந்து. வேகம் இறங்கும்போதே ஸ்டியரிங்கைக் கொஞ்சம் இடது, கொஞ்சம் வலது. வண்டி திரும்புவது தெரியும். மூன்று தடவை போதும்.

பெரும்பாலோர் முதல் தடவை பாதி பலத்தில்தான் மிதிப்பார்கள். இது நம் ஊர்ப் பழக்கம் மட்டுமில்லை. ஆபத்தில்கூட ஓட்டுநர்கள் முழு பலத்தோடு மிதிப்பதில்லை என்று கண்டுதான் பென்ஸ் 1996இல் பிரேக் அசிஸ்ட்டைக் கொண்டுவந்தது. பெடல் இறங்கும் வேகத்தை வைத்து மீதிப் பலத்தை அது சேர்த்துக்கொடுக்கும்.

அடுத்து மண் ஓரம். நம் பக்கம் கருவிகளைவிடக் கைக்கு அதிக வேலை இருப்பது அங்கேதான். தார் மேலே மேலே போட்டதில் பல இடங்களில் ஓரம் ஒரு சாண் அளவுக்குக்கூடப் பள்ளமாகிவிட்டது, கீழே செம்மண். எதிரே பஸ் வருகிறது, நாம் ஒதுங்குகிறோம், இடப்பக்கச் சக்கரம் இரண்டும் இறங்கிவிடுகிறது. உடனே வலது பக்கம் வெட்டி ஏறப் பார்ப்பதுதான் கெடுதல். டயரின் பக்கச்சுவர் தார் விளிம்பில் உரசிக்கொண்டே வரும், ஏறாது. நாம் இன்னும் திருப்புவோம். திடீரென்று ஏறும்போது ஸ்டியரிங் முழுதாகத் திரும்பிய நிலையில் இருக்கும். வண்டி அம்பு மாதிரி எதிர்த் தடத்துக்குப் பாயும். இ.எஸ்.சி. அந்தச் சுழலைக் குறைக்கும். எதிரே வரும் பஸ்ஸை அதனால் தள்ளிவைக்க முடியாது.

செய்ய வேண்டியது: ஸ்டியரிங்கை நேராக இறுக்கிப் பிடி. ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடு. பிரேக்கை அழுத்தாதே, ஒரு பக்கம் தார், ஒரு பக்கம் மண், வண்டி இழுக்கும். மண்ணிலேயே ஓடட்டும். வேகம் 30க்கு வந்த பிறகு, விளிம்பு தாழ்ந்த இடமாகப் பார்த்து, எதிரே காலியாக இருக்கும்போது, கொஞ்சம் இடது விலகி, தெளிவான ஒரு திருப்பலில் ஏறு. முன் சக்கரம் ஏறிய கணமே ஸ்டியரிங் நேராக வேண்டும். பாலத்துச் சுவரோ மைல்கல்லோ முன்னால் இருந்தால் இதற்கு நேரம் இருக்காது. ஆகவே ஒதுங்கும்போதே வேகத்தைக் குறைத்து ஒதுங்குவதுதான் பாடம்.

நாலுவழி எழுதியது:

மாஸ்டர் சொல்வது சரி, ஆனால் எல்லாம் கைத்திறமை என்று முடித்துவிடக் கூடாது. தானியங்கி பிரேக் உள்ள வண்டிகள் முன்னால் போகும் வண்டியின் பின்னால் மோதுவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருக்கிறது என்று அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான ஐ.ஐ.எச்.எஸ். கணக்குக் காட்டுகிறது. எவ்வளவு கெட்டிக்கார டிரைவருக்கும் ஒரு நொடி கண் விலகும். அந்த ஒரு நொடிக்குத்தான் அது.

புள்ளிக்கணக்கு எழுதியது:

அதே ஐ.ஐ.எச்.எஸ். 2022இல் சொன்ன மறுபாதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் தம்பி. நடந்து போகிறவர்களைக் கண்டதும் தானாகப் பிடிக்கும் பிரேக், பாதசாரி விபத்துகளை மொத்தத்தில் 27 சதவீதம் குறைத்தது. தெருவிளக்கு இல்லாத இருட்டுச் சாலையில் மட்டும் அந்த வசதி உள்ள வண்டிக்கும் இல்லாத வண்டிக்கும் வித்தியாசமே தெரியவில்லை. காரைக்குடி எல்லையைத் தாண்டினால் நமக்கு வாய்த்திருப்பது அந்த இருட்டுச் சாலைதான்.

தைப்பூசத்தை நினைத்துப் பாருங்கள். குன்றக்குடியிலிருந்து திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம் என்று பழனிக்கு ஆயிரக்கணக்கில் நடக்கிறார்கள். விடியுமுன்பே நடை தொடங்கிவிடும். முதுகைக் காட்டிக்கொண்டு போகிறார்கள், சாலை ஓரத்தோடு ஒட்டி. தோளில் காவடி உள்ள உருவம் கேமரா படித்து வைத்திருக்கும் மனித உருவத்தோடு பொருந்தாமல் போகலாம். அந்த நாட்களில் அந்த வழியில் கருவியைக் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது, 40க்கு மேல் போகவும் கூடாது. நடப்பவர்கள் வீட்டார் ஒன்று செய்யலாம்: ஒளி பிரதிபலிக்கும் டேப்பில் ஒரு முழம் வெட்டி முதுகுப் பையில் குறுக்கே ஒட்டுங்கள், இன்னொரு துண்டு கணுக்காலில். கால் அசைவதால் அது தூரத்திலேயே மனிதன் என்று காட்டிக்கொடுக்கும்.

தூரக் கணக்கும் போட்டுவிடுகிறேன். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக 1.5 நொடி என்று வைத்துக்கொள்வோம், காய்ந்த தார், நல்ல டயர். 60 கி.மீ. வேகத்தில் அந்த 1.5 நொடியில் 25 மீட்டர், பிரேக்கில் 20 மீட்டர், ஆக 45. 80இல் 33, 36, ஆக 69. 100இல் ஏறக்குறைய 97. டிம் லைட்டில் சாலை தெளிவாகத் தெரிவது சுமார் 50 மீட்டர். ஆக, எதிரே வண்டி வந்து நாம் டிம் செய்தபின் 80இல் போவது குருட்டு ஓட்டம். 60இல் வந்தவர் நின்றுவிட்ட அதே இடத்தில், 80இல் வந்தவர் இன்னும் 65 கி.மீ. வேகத்தில் இருப்பார். ஏ.பி.எஸ். இந்தக் கணக்கை மாற்றாது.

இரவுவண்டி எழுதியது:

இருட்டில் கண்ணுக்கு வேண்டிய பாடங்கள் சில. எதிரே ஒற்றை விளக்கு வந்தால் பைக் என்று முடிவு கட்டாதீர்கள். ஒரு விளக்கு போன டிராக்டராகவோ மினி லாரியாகவோ இருக்கலாம், எந்தப் பக்க விளக்கு எரிகிறது என்றும் தெரியாது. அகலமான வண்டி என்றே எண்ணி இடம் விடுங்கள். எதிர் வண்டி பிரைட்டை இறக்காவிட்டால் கண்ணை அதன் மேல் வைக்காமல் இடது ஓரத்தைப் பார்த்து, வேகத்தை உடனே இறக்குங்கள். பதிலுக்கு நீங்களும் பிரைட் போட்டால் இரண்டு குருடர்கள் ஆகிவிடுவீர்கள். ஒரு ஆடு கடந்தால் கிடையே கடக்கும். முதல் ஆட்டைத் தப்பவிட்டு ஆக்சிலரேட்டரை மிதிப்பதால்தான் அடிபடுகிறது. பல கம்பெனிகளின் கையேட்டிலேயே விலங்குகளை அடையாளம் காணாமல் போகலாம் என்று எழுதியிருக்கும், படித்துப் பாருங்கள்.

அடாப்டிவ் குரூஸ் (முன் வண்டிக்கேற்ப வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் வசதி) போடுகிறவர்களுக்கு: முன் வண்டியைத் தொடர்ந்து போவதில் அது கெட்டிக்காரத்தனம். நின்றுகொண்டிருக்கும் வண்டியை வேகத்தில் நெருங்கும்போது அப்படியில்லை. பாலம், பெயர்ப்பலகை எல்லாம் நிற்கும் பொருள்கள்தானே, அவற்றுக்கெல்லாம் பிரேக் பிடிக்கக் கூடாது என்று ரேடார் நிற்பவற்றை வடிகட்டப் பழக்கப்பட்டிருக்கிறது. பஞ்சராகி, பின் விளக்கில்லாமல் நிற்கும் டிப்பர் அந்த வடிகட்டலில் மறைந்துபோகலாம். இன்னொன்று வைக்கோல் டிராக்டர். ரேடார் தாழ்வாக இருப்பதால் டிரெய்லரின் அச்சைப் பார்த்துத் தூரம் அளக்கும். வைக்கோலோ கம்பியோ அச்சுக்குப் பின்னால் ஆறேழு அடி நீட்டிக்கொண்டு நம் முகத்துக்கு நேராக இருக்கும். வளைவிலும் கவனம்: கண்மாய்க் கரை வளைவில் முன் வண்டி ரேடாரின் பார்வையை விட்டு விலகியதும் சாலை காலி என்று எண்ணி, வைத்த வேகத்துக்கு ஏறப் பார்க்கும். நாலுவழிச் சாலையோடு அதை நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஊருணிக்கரை எழுதியது:

கோடு பிடிக்கும் வசதி? வண்டி ஸ்டியரிங்கை அடிக்கடி இழுக்கிறது என்கிறார்கள்.

ஸ்பேனர்_17 எழுதியது:

வெள்ளைக் கோடு அழிந்தும் செம்மண் மூடியும் கிடந்தால் தார் ஒட்டுப்போட்ட விளிம்பைக்கூடச் சில நேரம் கோடு என்று எடுத்துக்கொள்ளும். டி.வி.எஸ். 50க்கு இடம் விட்டு விலகும்போது நம்மைத் திருப்பி அதன் பக்கமே தள்ளப் பார்க்கும். இண்டிகேட்டர் போட்டு விலகினால் தள்ளாது, அது நல்ல பழக்கமும்கூட. ஊர்ச் சாலையில் கோடு பிடிக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். தானியங்கி பிரேக்கை ஒருபோதும் அணைக்காதீர்கள். இரண்டும் தனித்தனி பட்டன் அல்லது மெனு. பல வண்டிகளில் மறுபடி ஸ்டார்ட் செய்ததும் கோடு வசதி தானாக ஆன் ஆகிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கொப்புடையாள்_துணை எழுதியது:

பூஜை போடுவது பற்றியும் யாராவது எழுதுங்கள். பிள்ளையார்பட்டியில் பூஜை முடித்து வரும் புது வண்டிகளில் மாலை கிரில் முழுக்கத் தொங்குகிறது.

ஸ்பேனர்_17 எழுதியது:

நல்ல வேளை கேட்டீர்கள் அக்கா. பூஜை தாராளமாகப் போடலாம், இடம் பார்த்துப் போட வேண்டும். ரேடார் பெரும்பாலும் கிரில்லின் நடுவில் லோகோவுக்குப் பின்னாலோ பம்பருக்குள்ளோ இருக்கும். மாலை, தடித்த சந்தனப் பூச்சு, கம்பி கார்டு, இடம் மாற்றிய நம்பர் பிளேட், எது மறைத்தாலும் அதன் பார்வை போகும். கோயில் வாசலில் படம் எடுத்தபின் மாலையைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டுச் சாலையில் ஏறுங்கள். கேமரா ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால் முன் கண்ணாடியோடு ஒட்டி இருக்கும். வைப்பர் துடைக்கும் அந்த உள்ளங்கை அகல இடத்தில் குங்குமம், ஸ்டிக்கர், தொங்கும் எலுமிச்சை எதுவும் வேண்டாம்.

சாமி சிலை. இடப்பக்க டேஷ்போர்டில் ஏர்பேக் என்று எழுத்துப் பொறித்த மூடி இருக்கும். சரியாக அதன் மேல்தான் பலர் பசை போட்டுப் பிள்ளையாரை ஒட்டுகிறார்கள். மோதினால் அந்த மூடி நொடியில் முப்பதில் ஒரு பங்கு நேரத்துக்குள் கிழிந்து திறக்கும். உலோகச் சிலை அப்போது கல்லெறிபோல உட்கார்ந்திருப்பவர் முகத்துக்கு வரும். நடுவில், ஏ.சி. துவாரத்துக்கு மேல், சின்ன சிலையாக வையுங்கள். சீட் கவரும் அப்படித்தான். பக்க ஏர்பேக் சீட்டின் வெளி ஓரத் தையலுக்குள் இருக்கிறது. அந்த இடத்தில் பிரியும் தையல் உள்ள கவராகக் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் பை உள்ளேயே முடங்கும்.

எல்போர்டு_மாஸ்டர் எழுதியது:

பெல்ட் போடாமல் ஏர்பேக்கை நம்பக் கூடாது. பெல்ட் உடம்பைப் பிடித்திருக்கும்போது தலைக்கும் மார்புக்கும் துணை நிற்கத்தான் பை. பெல்ட் இல்லாத உடம்பு பிரேக்கிலேயே முன்னால் வந்துவிடும், அப்போது விரியும் பையே முகத்தில் அறையும். ஸ்டியரிங் நடுவிலிருந்து மார்புக்கு 25 செ.மீ. இடைவெளி வேண்டும். சத்தத்தை நிறுத்த விற்கும் போலிக் கொக்கியைத் தூக்கி எறியுங்கள். பிள்ளையை மடியில் வைத்து முன் சீட்டில் உட்காருவதை வீட்டுப் பெரியவர்கள் யார் செய்தாலும் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். 30 கி.மீ. வேகத்தில்கூடக் கை பிள்ளையைத் தாங்காது.

புள்ளிக்கணக்கு எழுதியது:

முதல் கேள்விக்கு, திறமையா கருவியா என்பதற்கு, இரண்டு சோதனைகளை வைக்கிறேன். 1980களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஒரு டாக்ஸிக் கம்பெனியின் வண்டிகளில் ஒரு பாதிக்கு ஏ.பி.எஸ். வைத்து, மறு பாதிக்கு வைக்காமல் பல ஆண்டுகள் கவனித்தார்கள். விபத்து எண்ணிக்கையில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. ஏ.பி.எஸ். வண்டிக்காரர்கள் வளைவைக் கூர்மையாக வெட்டினார்கள், முன் வண்டியை நெருங்கி ஓட்டினார்கள். கருவி கொடுத்த பாதுகாப்பைக் கூடுதல் வேகமாக மாற்றிச் செலவழித்துவிட்டார்கள்.

இதைக் கேட்டுப் பெரியவர்கள் கட்சி சந்தோஷப்பட வேண்டாம். நார்வேயில் வழுக்கும் சாலையில் வண்டியை மீட்கப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். பயிற்சி பெற்ற இளம் ஆண்களுக்கு வழுக்குச் சாலை விபத்து கூடியது. கை தேறிவிட்டது என்ற எண்ணம் காலை அழுத்த வைத்தது. ஆகவே கையில் இருப்பது எதுவானாலும், அதைக் கூடுதல் வேகமாக மாற்றிச் செலவழித்தால் மிச்சம் ஒன்றும் இருக்காது. மாஸ்டர் சொன்ன ஏ.பி.எஸ். பயிற்சியும் காலுக்குப் பழக்கம் வர மட்டுமே. அதை நம்பி வேகத்தை 10 கி.மீ. கூட்டினால் பயிற்சியே வீண்.

நாலுவழி எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். மியூனிக் விஷயம் எனக்குப் புதிது. ஒன்று மட்டும்: இ.எஸ்.சி.யை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது ஒற்றை வண்டி கவிழும் விபத்துகளை நிஜமாகவே பெரிதும் குறைத்த கருவி.

புள்ளிக்கணக்கு எழுதியது:

சரிதான். டிரைவரால் ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் பிடிக்க முடியாது, இ.எஸ்.சி.யால் முடியும். எந்தத் திறமையும் அதற்கு ஈடில்லை.

இரவுவண்டி எழுதியது:

கண்ணாடி மாற்றுவோருக்கு ஒரு வார்த்தை. கேமரா உள்ள முன் கண்ணாடியை மாற்றினால் கேமராவை அளவுப் பலகை வைத்துத் திரும்ப நேர்படுத்த வேண்டும். 1 டிகிரி விலகினால் 50 மீட்டரில் 87 செ.மீ., 100 மீட்டரில் 1.75 மீட்டர் தள்ளிப் பார்க்கும். பக்கத்துத் தடத்து வண்டிக்குப் பிரேக் பிடிக்கும், நம் தடத்து வண்டியை விட்டுவிடும். பம்பர் கழற்றி மாட்டினால் ரேடாருக்கும் இதேதான். கண்ணாடி மாற்ற வண்டியைக் கொடுக்குமுன் அந்தக் கருவியும் சமதளமான இடமும் அங்கே இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஸ்பேனர்_17 எழுதியது:

கடைசியாக, நம் ஊருக்கே உரிய பிரச்சினை: சும்மா கிடக்கும் கார். பெரிய வீடு பூட்டிக் கிடக்கும், ஷெட்டில் வண்டி நிற்கும், கல்யாணத்துக்கோ படைப்புக்கோ குடும்பம் வரும்போதுதான் எடுப்பார்கள். ஸ்டார்ட் செய்ததும் ஏ.பி.எஸ்., இ.எஸ்.சி. விளக்குகள் கூட்டமாக எரியும். பெரும்பாலும் பேட்டரிதான். 12.6 வோல்ட் இருந்தால் நிறைவு, 12.2 என்றால் பாதி காலி. சார்ஜ் ஏற்றியும் விளக்கு அணையாவிட்டால் சக்கரத்துக்கு உள்பக்கம் போகும் மெல்லிய சென்சார் ஒயரைப் பாருங்கள், எலி கடித்திருக்கும். விளக்கு எரிந்தாலும் சாதா பிரேக் பிடிக்கும், ஆனால் சக்கரம் இறுகும், இ.எஸ்.சி. இருக்காது. பிரேக் எண்ணெய் ஓடாவிட்டாலும் ஈரம் உறிஞ்சும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். டயரின் மேல் கட்டம் (பட்டன்) தேயவில்லை என்று பார்த்து ஏமாறாதீர்கள், ஆறு வருடம் தாண்டிய டயரோடு திருச்சி சாலையில் ஏறக் கூடாது. காற்றும் அப்படியே. மழை நீர் தேங்கிய சாலையில் 33 பி.எஸ்.ஐ. டயர் சுமார் 95 கி.மீ.யில் மிதக்கத் தொடங்கும் என்றால், 24க்கு இறங்கிய டயர் 82லேயே மிதக்கும், தேய்ந்திருந்தால் அதற்கும் முன்னால். மிதக்கும் டயருக்கு ஏ.பி.எஸ்.ஸும் இல்லை, இ.எஸ்.சி.யும் இல்லை.

கொப்புடையாள்_துணை எழுதியது:

இந்த வண்டிகளை ஓட்ட வருவது பெரும்பாலும் ஆக்டிங் டிரைவர். அவருக்கு எதுவும் தெரியாதே?

எல்போர்டு_மாஸ்டர் எழுதியது:

சாவி கொடுக்கும்போதே ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். கோடு வசதியின் பட்டனைக் காட்டி, அவர் கையாலேயே அணைக்கச் சொல்லுங்கள். வண்டி தானாகப் பிரேக் பிடித்தால் பதறி ஆக்சிலரேட்டரை அழுத்தக் கூடாது என்று சொல்லுங்கள், அழுத்தினால் பல வண்டிகளில் அந்த பிரேக் விலகிவிடும். ஏ.பி.எஸ். உதைப்பு தெரியுமா என்று கேளுங்கள். சீட், கண்ணாடி, பெல்ட் உயரம் அவர் உடம்புக்கு மாற்றட்டும். சென்னையிலிருந்து நானூறு கிலோமீட்டருக்கு மேல் ராத்திரியில் ஓட்டி வருகிறவர் என்றால், பகலில் தூங்கினாரா என்பதை வாய்விட்டே கேளுங்கள். இல்லை என்றால் பயணத்தைக் காலைக்குத் தள்ளுங்கள். புதுக்கோட்டை தாண்டும்போது மணி நாலு ஆகியிருக்கும், கண் செருகுவது அந்த நேரத்தில்தான்.

ஊருணிக்கரை எழுதியது:

நன்றி மாஸ்டர், நன்றி அண்ணே. சார்ஜ் ஏற்ற பேட்டரியைக் கழற்றி மாட்டியபின் இ.எஸ்.சி. விளக்கு எரிந்தால்?

ஸ்பேனர்_17 எழுதியது:

ஸ்டியரிங் கோண சென்சார் நடுவை மறந்திருக்கும். இன்ஜினை ஓடவிட்டு ஸ்டியரிங்கை இடது கடைசி, வலது கடைசி ஒருமுறை திருப்பி, பிறகு நேரான சாலையில் மெதுவாகச் சில நூறு மீட்டர் ஓட்டுங்கள். பல வண்டிகளில் அணைந்துவிடும். அணையாவிட்டால் ஸ்கேனர் போட்டுப் பார்த்த பிறகே பயணம்.